ஆக்டேவியா செட்டின் ஃபோன் கப்ளரில் ப்ளூடூத் போர்டு: பாட்டு நிற்கவில்லை, பேட்டரி நின்றுவிட்டது

கோத்தகிரி_கேரட்

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் சித்தப்பா வைத்திருந்த 2005 ஸ்கோடா ஆக்டேவியா கார் போன வருடம் என் கைக்கு வந்தது. வண்டியும் நன்றாக ஓடுகிறது, கம்பெனி ரேடியோ செட்டும் நன்றாகப் பாடுகிறது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு டச் ஸ்கிரீன் மாட்ட மனசு வரவில்லை. ப்ளூடூத் இல்லை என்பது ஒன்றுதான் குறை. செட்டை வெளியே இழுத்துப் பார்த்தால் மேல் தகட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் டெல் பிளஸ், டெல் மைனஸ், மியூட் என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. அந்தக் காலத்து கார் ஃபோனுக்காக விட்ட வழி. சரி, வேலை சுலபம் என்று நினைத்து சிஎஸ்ஆர் சிப் போட்ட சின்ன ப்ளூடூத் போர்டு ஒன்றும், 12 வோல்ட்டை 5 ஆக இறக்க எல்எம்2596 போர்டு ஒன்றும் வாங்கி மாட்டினேன்.

இப்போது நிலவரம் இது: ஃபோன் போர்டோடு சேர்கிறது, ஆனால் கால் வந்தால் எஃப்எம் பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, பேசுகிறவர் குரல் வரவே இல்லை. மியூட் ஒயரை ஒரு தடவை கையால் பாடியில் தொட்டுப் பார்த்தேன், அப்போது குரல் வந்தது, கூடவே ஆக்சிலரேட்டர் மிதித்தால் 'ஙொய்ங்' என்று ஏறி ஏறி இறங்கும் ஒரு சத்தம். இதெல்லாம் போகட்டும், திருப்பூரில் ஒரு கல்யாணம், 12 நாள் கழித்துத் திரும்பி வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி போர்டால் இறங்கியதா, கோத்தகிரி குளிரால் இறங்கியதா?

பைக்காரா_பாலம்

தம்பி, அந்தப் பழைய செட்டை எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டு வைத்துவிட்டு ஆண்ட்ராய்டு செட் ஒன்று மாட்டு. அரை நாள் வேலை, ரிவர்ஸ் கேமராவும் வரும். இருபது வயது ஒயரை நோண்டுவது எதற்கு?

குன்னூர்_ஒயர்மேன்

பாலம் அண்ணா சொல்வதும் ஒரு வழிதான், ஆனால் கேட்டது அது இல்லையே.

கேரட் தம்பி, உங்களுக்கு இருப்பது ஒரு கோளாறு இல்லை, மூன்று. தனித்தனியாகப் பார்த்தால்தான் தீரும். பதில் சொல்வதற்கு முன் எனக்கு நாலு விஷயம் வேண்டும். போர்டுக்கு 12 வோல்ட் எந்தப் பின்னிலிருந்து எடுத்தீர்கள்? சாவியை எடுத்த பிறகு செட்டின் பின்னால் பவர் வரும் கப்ளரில், அதாவது ஏ பிளாக்கில், 4வது பின்னிலும் 7வது பின்னிலும் எவ்வளவு காட்டுகிறது? போர்டின் எர்த்தை எங்கே முடித்தீர்கள்? கடைசியாக, ஒலியைப் போர்டின் ஸ்பீக்கர் டெர்மினலிலிருந்து எடுத்தீர்களா, ஆம்ப்ளிஃபையருக்கு முந்தின லைன் அவுட்டிலிருந்தா? போர்டு சூடாகிறதா என்றும் தொட்டுப் பாருங்கள்.

மல்டி மீட்டரில் மட்டும் பாருங்கள். டெஸ்ட் லேம்ப் வேண்டாம். அந்த பல்பு இழுக்கும் கரண்டை மியூட், டேட்டா மாதிரி லைன்கள் தாங்காது.

கோத்தகிரி_கேரட்

இதோ அண்ணா.

பவர் ஏ7. ஐஎஸ்ஓ கப்ளர் (கார் செட்டுகளுக்கான பொது அளவுக் கப்ளர்) படத்தில் 4 எப்போதும் லைன், 7 கீ ஆன் லைன் என்று போட்டிருந்தது, அதனால் 7ஐ எடுத்தேன். சாவியை எடுத்தபின் 4ல் ஒன்றுமில்லை, 7ல் 12.4. எர்த்தை ஆஷ்ட்ரே பக்கத்தில் இருந்த ஒரு ஸ்க்ரூவில் முடுக்கியிருக்கிறேன். ஒலி ஸ்பீக்கர் டெர்மினலிலிருந்து: எல் பிளஸ் போய் டெல் பிளஸில், எல் மைனஸை டெல் மைனஸோடு சேர்த்து அதே ஸ்க்ரூவில்.

போர்டு சூடா என்று கேட்டீர்களே, சிப் மேல் விரலை மூன்று எண்ணும் வரைகூட வைக்க முடியவில்லை.

குன்னூர்_ஒயர்மேன்

அப்படியே எல்லாம் பிடிபட்டுவிட்டது. இன்று ஷிஃப்ட் இல்லை, தேயிலைத் தொழிற்சாலையில் இலை வரத்தும் குறைவு, உட்கார்ந்து விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பேட்டரி. நீங்கள் பார்த்த படம் தப்பில்லை. ஐஎஸ்ஓ கணக்கில் 4 நிரந்தர லைன், 7 கீ லைன். ஆனால் அந்தக் காலத்து ஃபோக்ஸ்வாகன் குடும்ப வண்டிகளில், ஸ்கோடாவும் அதில் சேர்த்தி, இந்த இரண்டும் இடம் மாறியிருக்கும். உங்கள் மீட்டரே சொல்கிறது பாருங்கள், சாவி எடுத்த பிறகும் 7ல் 12.4. போர்டு இரவும் பகலும் விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. போர்டும் எல்எம்2596ம் சேர்ந்து 40 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தால் ஒரு நாளைக்குப் பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட 1 ஆம்பியர்-ஹவர் போகும், 12 நாளுக்கு 12. புதுப் பேட்டரி இதைத் தாங்கிக்கொள்ளும். நாலைந்து வருடப் பேட்டரி, அதுவும் குளிரில், தாங்காது. குளிரில் லெட் ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு குறையும், இன்ஜின் ஆயிலும் கெட்டியாகி ஸ்டார்ட்டர் கூடுதலாக இழுக்கும். அதனால் கோத்தகிரிக் குளிரை முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது, பங்கு உண்டு. போர்டுக்குப் பவரை 4லிருந்து எடுங்கள், எடுத்த இடத்திலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். அந்த லைன் இந்த வண்டிகளில் சாவி துவாரத்தில் இருக்கும் வரை உயிரோடு இருக்கும், உருவினால் செத்துவிடும். அதுதான் உங்களுக்கு வேண்டியது.

அடுத்து சூடு. போர்டின் ஸ்பீக்கர் டெர்மினலில் மைனஸ் என்று எழுதியிருப்பது எர்த் இல்லை. உள்ளே இருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபையர் பிரிட்ஜ் முறையில் இரண்டு முனையையும் ஓட்டுகிறது, அதில் ஒரு முனையை நீங்கள் பாடியில் முடுக்கியிருக்கிறீர்கள், அதாவது ஆம்ப்ளிஃபையரில் பாதியை ஷார்ட் செய்து வைத்திருக்கிறீர்கள். இன்னும் புகையாமல் இருப்பது உங்கள் நல்ல நேரம். முதலில் அதைக் கழற்றுங்கள். போர்டில் லைன் அவுட் என்று எல், ஆர், ஜி மூன்று பேட், அதாவது ஒயர் பற்ற வைக்கும் புள்ளி, இருக்கும். எல் போய் டெல் பிளஸ், ஜி போய் டெல் மைனஸ். குரல் இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஆர் தேவையில்லை. டெல் மைனஸைப் பாடியில் எங்கேயும் தொடக் கூடாது. செட் அந்த இரண்டு ஒயருக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைத்தான் கேட்கிறது. இரண்டிலும் சமமாக ஏறும் இரைச்சலைத் தானே கழித்துவிடும். நீங்கள் ஒன்றைக் கட்டிப்போட்டுவிட்டதால் கழிக்க வழியில்லாமல் போய்விட்டது.

'ஙொய்ங்' சத்தத்துக்கும் பாதிக் காரணம் அதுவே. மீதிப் பாதி ஆஷ்ட்ரே ஸ்க்ரூ. செட்டுக்கு ஒரு எர்த், போர்டுக்கு வேறு எர்த் என்றால் இரண்டுக்கும் நடுவில் சில மில்லி வோல்ட் வித்தியாசம் இருக்கும், ஆல்டர்னேட்டர் சுற்றச் சுற்ற அது ஆடும், ஆட்டம் பாட்டாகக் கேட்கும். போர்டின் எர்த்தைச் செட்டின் ஏ8லேயே, பழுப்பு ஒயரில், சேருங்கள். ஜெர்மன் வண்டிகளில் பழுப்பு என்றால் எர்த். அதற்கப்புறமும் சத்தம் மிச்சமிருந்தால் பி0505எஸ் என்று ஒரு கட்டைவிரல் நகம் அளவு ஐசொலேட்டட் கன்வெர்ட்டர் கிடைக்கும், 5 வோல்ட் உள்ளே, 5 வோல்ட் வெளியே, நடுவில் நேரடித் தொடர்பே இருக்காது. 1 வாட் தாங்கும், லைன் அவுட் மட்டும் பயன்படுத்தும் போர்டுக்குப் போதும்.

மூன்றாவது மியூட். இதற்கு ஒரு தகவல் வேண்டும். செட்டின் மியூட் பின்னை எர்த் செய்தால் செட் 'ஃபோன்' என்று திரையில் காட்டி, பாட்டை நிறுத்தி, டெல் வழியைத் திறக்கும். நீங்கள் கையால் தொட்டபோது நடந்தது அதுவே. அந்தக் கை வேலையைப் போர்டு செய்ய வேண்டும். இந்த மாதிரி போர்டுகளில் பெரும்பாலும் வெளி ஆம்ப்ளிஃபையருக்காக மியூட் என்று ஒரு பேட் விட்டிருப்பார்கள். சும்மா இருக்கும்போது அதில் எவ்வளவு, கால் ஓடும்போது எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள். தப்பித் தவறியும் செட்டின் மியூட் பின்னுக்கு 12 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள்.

முக்கியமானதை மறந்துவிட்டேன். வண்டியோடு வந்த ஒயரை வெட்டாதீர்கள். ஆண், பெண் இரண்டு ஐஎஸ்ஓ கப்ளர் வாங்கி நடுவில் ஓர் இணைப்புத் துண்டு செய்துகொள்ளுங்கள், ஒட்டு எல்லாம் அந்தத் துண்டில் மட்டும். நாளைக்கு வேண்டாம் என்றால் உருவிவிட்டால் வண்டி பழையபடி.

மேட்டுப்பாளையம்_பாக்கு

கடைசிப் பத்தியைப் பெரிய எழுத்தில் போடுங்கள் ஒயர்மேன் சார். நான் பட்டவன்.

எனக்கும் இதே குடும்பத்து வண்டிதான். மூன்று வருடம் முன்பு ஒரு கடையில் வேறு செட் மாட்டக் கொடுத்தேன். பையன் கப்ளரையே வெட்டி எறிந்துவிட்டு ஒயரோடு ஒயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிக் கொடுத்தான். பாட்டு வந்தது, நானும் சந்தோஷமாகக் காசு கொடுத்துவிட்டு வந்தேன். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் டேப்பின் பசை உருகி ஒழுகி ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. அது பெரிதில்லை. செக் இன்ஜின் விளக்கு எரிகிறது என்று ஸ்கேனர் மாட்டினால் ஸ்கேனர் இன்ஜினோடு பேசவே மாட்டேன் என்கிறது. ஈசியு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், போய்விட்டது என்று ஒருவர் பெரிய தொகை சொன்னார். ஒரு மாதம் அலைந்தேன். கடைசியில் பார்த்தால் செட்டுக்குப் போகும் ஏ3ல் டயக்னோஸ்டிக் லைன் வருகிறது, அதைப் புது செட்டின் ஏதோ ஒயரோடு முறுக்கி வைத்திருந்தான். பிரித்துவிட்டதும் ஸ்கேனர் பேசியது. ஈசியுவுக்கு ஒன்றுமே இல்லை.

குன்னூர்_ஒயர்மேன்

பாக்கு சொன்னது இந்த வண்டிகளில் அடிக்கடி நடப்பது. இணைப்புத் துண்டில் 3வது பின்னை நேருக்கு நேர் கொண்டுபோங்கள், அதில் எதுவும் சேர்க்காதீர்கள். 1வது பின்னும் அப்படியே, அது வேக சிக்னல்.

முறுக்கி டேப் சுற்றுவது நம் மலையில் இன்னும் மோசம். வெயிலில் பசை உருகும் பிரச்சினை இங்கே இல்லை, மூடுபனி ஈரம் உள்ளே இறங்கிச் செம்புக்குப் பச்சை பூக்கும். போன மழைக்காலத்தில் ஒரு ஜீப்பில் டேப்பைப் பிரித்தேன், உள்ளே ஒயர் இல்லை, பச்சைப் பொடிதான் இருந்தது, ஊதினால் பறந்தது. கிரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். ஈயம் பற்ற வைத்தால் ஒட்டுக்குப் பின்னால் ஒயரை எங்கேயாவது கட்டி வையுங்கள், ஈயம் உறிஞ்சி விறைத்த இடம் முடியும் ஓரத்தில்தான் அதிர்வில் முறியும்.

இன்னொன்று. டேஷ்போர்டுக்குள் மஞ்சள் கப்ளர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக். மீட்டர் முனையைக்கூட அதில் வைக்காதீர்கள். செட்டின் பின்னாலேயே மினி ஐஎஸ்ஓ என்ற சின்னக் கப்ளர்களில் ஒரு மஞ்சள் உண்டு, அது வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். வேலை தொடங்கும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள். கழற்றும் முன், செட்டின் கோடு கையில் இருக்கிறதா?

கோத்தகிரி_கேரட்

என்ன கோடு அண்ணா?

குன்னூர்_ஒயர்மேன்

ஐயோ. பேட்டரி கழற்றி மாட்டினால் செட் 'சேஃப்' என்று காட்டி நின்றுவிடும், நாலு இலக்க எண் கேட்கும். இரண்டு தடவை தப்பாக அடித்தால் ஒரு மணி நேரம் செட்டை ஆனிலேயே வைத்துக் காத்திருக்க வேண்டும். சித்தப்பாவிடம் வண்டிப் புத்தகத்தைக் கேளுங்கள், அதில் அட்டையாக ஒட்டியிருக்கலாம்.

அருவங்காடு_டீசல்

ஒயர் எனக்குத் தெரியாது. 31 வருடம் லாரி ஓட்டினவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பர்லியாரிலிருந்து குன்னூர் வரை பேச என்ன இருக்கிறது? ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும், இறங்குகிறவன் இரண்டாவது கியரில் வர வேண்டும், கல் விழுகிறதா, யானை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கை ஸ்டியரிங்கில் இருந்தால் போதுமா, மனசு எங்கே இருக்கிறது?

லவ்டேல்_ரயில்

டீசல் ஐயா சொல்வதை நான் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஃபோன் வந்தால் மடியில் தேடுகிறவனைவிட இது மேல். சட்டமும் கையில் பிடிக்கும் சாதனத்தைத்தான் சொல்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 184வது பிரிவில் அது ஆபத்தான ஓட்டுதலாகச் சேர்ந்துவிட்டது. முதல் தடவையே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். நான் கால் எடுத்து "மலை ஏறுகிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று சொல்லி வைக்க மட்டும் பயன்படுத்துகிறேன்.

மைக் பற்றி யாரும் பேசவில்லையே. நான் முதலில் டேஷ்போர்டு மேல், கண்ணாடி ஓரம் ஒட்டினேன். கீழே போனால் நன்றாகக் கேட்டது. ஊட்டிக்கு வந்தால் எதிர்முனையில் "என்னடா புயலில் நிற்கிறாயா" என்கிறார்கள். மூடுபனிக்குக் கண்ணாடி மங்காமல் இருக்க ப்ளோயரை முழுசாகத் திருப்பி மேல் நோக்கி விடுகிறோம் அல்லவா, அந்தக் காற்று நேராக மைக்கில் அடித்திருக்கிறது. இப்போது ஸ்டியரிங் தண்டின் மேல் மூடியில் வைத்திருக்கிறேன். சிலர் ஓரத் தூணில் ஒயர் இழுக்கிறார்கள், கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியில் அது வேண்டாம். மைக்குக்கு ஷீல்டு ஒயர், ஷீல்டை போர்டு முனையில் மட்டும் எர்த் செய்தால் போதும்.

கோத்தகிரி_கேரட்

சித்தப்பா வீட்டில் அலமாரியைக் கவிழ்த்து வண்டிப் புத்தகம் கிடைத்தது, அட்டையும் இருந்தது. சித்தி திட்டியதை இங்கே எழுத முடியாது.

பவர் ஏ4, எர்த் ஏ8, லைன் அவுட் எல்லாம் மாற்றிவிட்டேன். சிப் இப்போது குளிர்ந்து கிடக்கிறது. போர்டில் மியூட் பேட் இருக்கிறது அண்ணா: சும்மா இருந்தால் 0, கால் ஓடினால் 3.1 வோல்ட். செட்டின் மியூட் பின்னில் சும்மா இருக்கும்போது 5 வோல்ட் கிட்ட காட்டுகிறது. இரண்டையும் நேராகச் சேர்த்துவிடலாமா?

குன்னூர்_ஒயர்மேன்

சேர்க்காதீர்கள். போர்டு மேலே தூக்குகிறது, செட்டுக்குக் கீழே இழுக்க வேண்டும், திசையே நேர்மாறு. நடுவில் ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் போதும், சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலம் கலெக்டர், பேஸ், எமிட்டர். எமிட்டர் ஏ8க்கு. கலெக்டர் செட்டின் மியூட் பின்னுக்கு. போர்டின் மியூட் பேடிலிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக பேஸுக்கு. 3.1 வோல்ட் வந்ததும் டிரான்சிஸ்டர் திறந்து மியூட் லைனை எர்த்தில் இறக்கும், நீங்கள் அன்று விரலால் செய்ததையே. கடைக்காரர் பிசி547 இல்லை, 2என்2222 இருக்கிறது என்று கொடுத்தால் அதுவும் செய்யும், ஆனால் அந்த வகையில் பலவற்றில் கால் வரிசை நேர்மாறாக வரும், பார்த்து வையுங்கள்.

பைக்காரா_பாலம்

நானும் ஆர்வமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். இதில் பாட்டு கேட்க முடியுமா?

குன்னூர்_ஒயர்மேன்

கேட்கலாம், ரசிக்க முடியாது. டெல் வழி ஒற்றை ஒலி, ஸ்டீரியோ கிடையாது, செட் நீங்கள் ஃபோன் பேசுவதாக நினைத்துக்கொண்டு 'ஃபோன்' என்று காட்டிக்கொண்டே இருக்கும். பாட்டுக்குச் சரியான வாசல் நீல மினி ஐஎஸ்ஓ, சிடி சேஞ்சருக்கானது: 18 ஒலி எர்த், 19 இடது, 20 வலது. ஆனால் ஒலியை மட்டும் கொடுத்தால் செட் அந்தப் பக்கம் திரும்பாது, சேஞ்சர் இருப்பதாக டேட்டா லைனில் ஒருவர் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கென்று எமுலேட்டர் போர்டு விற்கிறார்கள்.

கோத்தகிரி_கேரட்

ஞாயிற்றுக்கிழமை வேலையை முடித்துவிட்டு, இரைச்சலைச் சோதிப்பதற்காகவே மேட்டுப்பாளையம் இறங்கி, குன்னூர் வழியாக ஏறினேன். கல்லாறு தாண்டியதும் தங்கச்சியைக் கூப்பிடச் சொல்லியிருந்தேன். பாட்டு நின்றது, திரையில் 'ஃபோன்', குரல் முன் ஸ்பீக்கரில். 14 கொண்டை ஊசி வளைவிலும் இரண்டாவது கியரில் இன்ஜின் கத்துகிறது, செட் கத்தவில்லை. பி0505எஸ் தேவைப்படவில்லை. குரல் மட்டும் சின்னதாக இருந்தது, அப்புறம்தான் தெரிந்தது, ஃபோனுக்கு ஒலி அளவு தனி, கால் ஓடும்போதே குமிழைத் திருப்பினால் செட் அதை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. டீசல் ஐயா, பேசியது மொத்தம் அரை நிமிடம். பர்லியாருக்கு மேல் சிக்னல் போய்விட்டது, நீங்கள் நினைத்தபடியே ஆகிவிட்டது.

ஒரே ஒரு தொல்லை. போர்டில் எந்த ஒலி வந்தாலும் அந்த மியூட் பேட் தூக்குகிறது போல. நேற்று காலை செய்தி கேட்டுக்கொண்டு போகும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை செய்தி அறுந்து 'ஃபோன்', 'டிங்', மறுபடி செய்தி. பார்த்தால் குடும்ப வாட்ஸப் குழுவில் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம். ஒன்பது சொந்தக்காரர்கள்.

குன்னூர்_ஒயர்மேன்

ஃபோனின் ப்ளூடூத் அமைப்பில் அந்த போர்டின் பெயரைத் தொட்டால் கால், மீடியா என்று இரண்டு சுவிட்ச் தனியாக இருக்கும். மீடியாவை அணைத்துவிடுங்கள்.

கோத்தகிரி_கேரட்

அணைத்தாயிற்று, சரியாகிவிட்டது. நன்றி அண்ணா.

மேட்டுப்பாளையம்_பாக்கு

தம்பி, அந்தக் கோடு அட்டையை ஃபோனில் படம் எடுத்து வைத்தீர்களா?

கோத்தகிரி_கேரட்

புத்தகத்தையே சித்தி திருப்பி வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார்கள். எண்ணைச் செட்டின் மேல் தகட்டில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்.

மேட்டுப்பாளையம்_பாக்கு

திருடனுக்கும் வசதி.